சிதம்பரத்தில் முடிந்த கணக்கு

கணக்கில் பெரிய ஆள் யார் என்று கேட்டால் நம்மவர்கள் உடனே ராமானுஜன் பெயரைச் சொல்வார்கள். சரிதான். கும்பகோணத்து வீடு, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லாம் சினிமாவாகவே வந்துவிட்டது. ஆனால் நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே பிறந்து, ராமானுஜனுக்குப் பிறகு எண்கணிதத்தில் உலகம் திரும்பிப் பார்க்கும்படி ஒரு காரியம் செய்தவர் ஒருவர் உண்டு. பாளையங்கோட்டையில் கணிதம் படித்த பத்துப் பேரிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எட்டுப் பேர் விழிப்பார்கள்.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகில் எஸ். எஸ். பிள்ளை. 1901 ஏப்ரல் 5 அன்று குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள வல்லத்தில் பிறந்தார். வல்லம் இப்போது தென்காசி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. பிறந்து ஒரு வருஷத்தில் தாயார் போய்விட்டார். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் தகப்பனாரும் போய்விட்டார். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சாஸ்திரியார் என்று ஒரு வாத்தியார் இருந்தார். பையனின் கெட்டிக்காரத்தனத்தைச் சின்ன வயதிலேயே கண்டுகொண்டவர் அவர்தான். தகப்பனார் போன பிறகு தன் கைக்காசைப் போட்டுப் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டவரும் அவரே. செங்கோட்டை அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் பிள்ளையின் படிப்பும் மலைக்கு அந்தப் பக்கமாகவே போயிற்று. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி. 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். அங்கே வழிகாட்டியவர் ஆனந்த ராவ். 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய வருஷமே அங்கே ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார்.

அவர் செய்த காரியம் என்ன என்று சொல்லாமல் புகழ்வதில் அர்த்தமில்லை. கணக்கு என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். இது நம் பேரப்பிள்ளைகளுக்கே புரியும்.

ஏதாவது ஒரு முழு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வர்க்கங்களின் கூட்டலாக எழுத வேண்டும். வர்க்கங்கள் என்றால் 1, 4, 9, 16, 25 இப்படி. 7 என்ற எண்ணுக்கு 4+1+1+1, நாலு வர்க்கம் வேண்டியிருக்கிறது. எந்த எண்ணுக்கும் நாலு போதும் என்று லக்ராஞ்சு 1770-இல் நிரூபித்தார். அதே வருஷம் எட்வர்ட் வாரிங் என்ற இங்கிலாந்துக்காரர் இதை நீட்டிக் கேட்டார். கனங்களாக எழுதினால்? நாலாம் அடுக்குகளாக எழுதினால்? ஒவ்வொரு அடுக்குக்கும் 'இத்தனை போதும்' என்று ஒரு எண் உண்டா? கனத்துக்கு 9 என்றார், நாலாம் அடுக்குக்கு 19 என்றார். நிரூபணம் தரவில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எந்த அடுக்குக்கும் அப்படி ஒரு எண் உண்டு என்று ஹில்பர்ட் 1909-இல் நிரூபித்தார். அந்த எண் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அது வேறு வேலை.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 1, 64, 729 என்று போகும். 703 என்ற எண்ணை எடுங்கள். 729 பெரியது, உதவாது. 64-ஐப் பத்து தடவை போட்டால் 640. மீதி 63-க்கு ஒன்று ஒன்றாகத்தான் போட வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் 73. ஆக ஆறாம் அடுக்குக்கு 73-க்குக் குறைந்து முடியாது என்பது சந்தையில் சில்லறை எண்ணத் தெரிந்தவருக்கே தெரிந்துவிடும். ஆனால் உலகத்தில் உள்ள அத்தனை எண்ணுக்கும், கோடானுகோடி வரை, 73 போதும் என்று காட்ட வேண்டுமே? அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.

1934 வாக்கில் ரஷ்யாவில் வினகிராதவ் ஒரு புது முறையைக் கண்டுபிடித்தார். மிகப் பெரிய எண்களை அதை வைத்து அடக்கிவிடலாம். மீதிச் சின்ன எண்களைக் கையால் பார்த்துக்கொள்ளலாம். 'சின்ன' என்றால் நம் கணக்கில் சின்னது அல்ல, அதுவும் மலைபோலத்தான். அந்தச் சாவி கையில் வந்ததும் உலகத்தில் இரண்டு இடங்களில் இரண்டு பேர் பூட்டைத் திறக்க உட்கார்ந்தார்கள். ஒருவர் சிகாகோவில் லெனர்ட் யூஜீன் டிக்சன். அறுபதைத் தாண்டியவர். எண்கணிதத்தின் வரலாற்றையே மூன்று பெரிய பாகங்களாக எழுதியவர். அமெரிக்கக் கணிதத்தின் தூண்களில் ஒருவர். இன்னொருவர் சிதம்பரத்தில் நம் வல்லத்துப் பிள்ளை. வயது 34.

இருவரும் தனித்தனியே முடித்தார்கள். டிக்சன் ஏழாம் அடுக்கிலிருந்து மேலே போனார். அவர் கட்டுரை 1936-இல் அமெரிக்கக் கணித இதழில் வந்தது. பிள்ளை 1935-இலேயே, டிக்சனுக்குச் சற்று முன்பாகவே, விடையை எட்டிவிட்டார் என்பது பிள்ளையைப் பற்றி எழுதியவர்கள் சொல்லும் கணக்கு. இருவர் முடிவிலும் ஒரு சின்ன நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பொய்த்துப்போகும் அடுக்கு ஒன்றைக்கூட இன்றுவரை கம்ப்யூட்டர் வைத்துத் தேடியும் யாரும் கண்டதில்லை. டிக்சன் விட்ட ஆறாம் அடுக்கு தனிச் சள்ளை. 73 என்ற அந்த விடையைப் பிள்ளை 1940-இல் நிரூபித்தார். அதில் பங்குக்கு வர யாருமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையின் கட்டுரைகள் எங்கே அச்சாயின? இந்தியக் கணிதக் கழகத்தின் இதழிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழிலும். 1936-இல் அண்ணாமலை இதழ் சிகாகோவில், பாரிஸில், கேம்பிரிட்ஜில் எத்தனை பேர் மேஜைக்குப் போயிருக்கும்? கணித உலகில் எந்த இதழில் எது வந்தது என்று சுருக்கம் தரும் ஏடுகள் அப்போது ஜெர்மனியில்தான் இருந்தன. அமெரிக்காவின் 'மேதமேட்டிகல் ரிவ்யூஸ்' 1940-இல்தான் பிறந்தது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்து ஒருவர் ஆர்வப்பட்டாலும், மூலக் கட்டுரைக்குக் கடிதம் எழுதி, கப்பலில் வருவதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடும். டிக்சன் கட்டுரையோ கை நீட்டினால் எடுக்கிற அலமாரியில் இருந்தது.

பிள்ளைக்கு வெளிநாட்டு இதழ்கள் கதவடைத்தன என்று சிலர் மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்வது நியாயமில்லை. 1930-லேயே லண்டன் கணிதக் கழக இதழில் சௌலாவும் பிள்ளையும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்திருக்கிறது. ஹார்டியும் ரைட்டும் எழுதிய புகழ்பெற்ற எண்கணிதப் புத்தகத்தின் குறிப்புகளில் டிக்சன் பெயரோடு பிள்ளை பெயரும் இருக்கிறது. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. ஆனாலும் இந்த விடையைப் பற்றிப் பேசும்போது டிக்சன் பெயர் முன்னே வருகிறது, பிள்ளை பெயர் 'மற்றும்' போட்டுப் பின்னே வருகிறது, பல இடங்களில் வராமலே போகிறது. ஒருவரும் தள்ளிவிடாமலே ஒருவர் பின்வரிசைக்குப் போய்விட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஏன் அவர் நம்மூர் இதழ்களிலேயே எழுதினார் என்று கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

1907-இல் வி. ராமஸ்வாமி ஐயர் என்று ஒரு டெபுடி கலெக்டர். கணிதப் பித்து. அன்றைக்கு மாவட்டத் தலைநகரங்களில் கல்லூரி வாத்தியார்களாக இருந்தவர்களுக்கு வெளிநாட்டுப் புத்தகமோ இதழோ கண்ணால் பார்க்கக் கிடைக்காது. விலை கட்டாது. ஐயர் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போடுவோம், புத்தகமும் இதழும் வாங்குவோம், தபாலில் ஒருவருக்கொருவர் சுற்றுக்கு அனுப்பிப் படிப்போம். இப்படி ஒரு வாசகர் வட்டமாகத் தொடங்கியதுதான் பின்னாளில் இந்தியக் கணிதக் கழகம் ஆயிற்று. 1909-இல் தனக்கென்று ஒரு இதழும் தொடங்கியது. நம் சின்ன வயதில் தெருவில் விகடனும் கல்கியும் வீடு மாற்றி வீடு போகுமே, அதே ஏற்பாடுதான். வந்தது கணித இதழ், அவ்வளவுதான் வித்தியாசம்.

ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது இந்த இதழில்தான், 1911-இல். பெர்னூலி எண்களைப் பற்றியது. இதழாசிரியர் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் எம். டி. நாராயண ஐயங்கார். ராமானுஜன் எழுதி அனுப்பியதை அவராலும் எளிதில் பின்தொடர முடியவில்லை. படிகள் விட்டுப்போயிருக்கும். தெளிவு போதாது. சாதாரண வாசகனுக்குப் பிடி கிடைக்காது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் செய்தது என்ன? கட்டுரையைத் திருப்பி அனுப்பினார், திருத்தி வந்ததை மறுபடி பார்த்தார், மறுபடி அனுப்பினார். அச்சுக்கு ஏற்ற உருவம் வரும்வரை விடவில்லை. கையெழுத்துப் புரியவில்லை என்பதற்காக ஆளையே புரியாதவனாக எண்ணிவிடவில்லை.

அடுத்த வருஷம் அதே ராமானுஜனின் கணக்குகள் இங்கிலாந்துக்குப் போயின. சென்னைப் பொறியியல் கல்லூரி கிரிஃபித், லண்டனில் தமக்குக் கணிதம் கற்பித்த ஹில் என்பவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். ஹில் கெட்டவரல்ல. பதில் போட்டார். திறமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் முடிவில்லாத தொடர்களில் ராமானுஜன் படுகுழியில் விழுந்துவிட்டார், பிராம்விச் புத்தகத்தைப் படிக்கட்டும் என்றார். 1+2+3 என்று போய்க்கொண்டே இருக்கும் தொடருக்கு மைனஸ் பன்னிரண்டில் ஒன்று என்று ஒருவர் எழுதினால் யாருக்கும் தலைசுற்றத்தான் செய்யும். ராமானுஜன் மனதில் வேறு பொருள் இருந்தது. அதை விளக்குகிற மொழி அவர் கையில் இல்லை. கேம்பிரிட்ஜ் பெரியவர்கள் பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் எழுதினார். அங்கே பலிக்கவில்லை. மூன்றாவதாக 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். மீதி உங்களுக்குத் தெரியும்.

இந்தக் கதையை எல்லோரும் ஹார்டியின் பெருந்தன்மைக்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள். நான் நாராயண ஐயங்காரைத்தான் அதிகம் நினைத்துக்கொள்வேன். ஹார்டிக்கு ஒரு மேதையைக் கண்டெடுத்த புகழ் கிடைத்தது. ஐயங்காருக்குக் கிடைத்தது தபால் செலவு.

ஆராய்ச்சிக் கட்டுரையை அச்சிடுமுன் அந்தத் துறைக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லும் வழக்கத்தை 'பியர் ரிவ்யூ' என்கிறார்கள். பார்க்கிறவர் ரெஃபரி. நம்மூர் கால்பந்து மைதானத்தில் விசில் ஊதுகிறவர் மாதிரிதான், ஆனால் இவர் முகம் ஆட்டக்காரர்களுக்குத் தெரியாது. லண்டன் ராயல் சொசைட்டியில் 1832 வாக்கில் இது வழக்கத்துக்கு வந்தது. 'நேச்சர்' இதழ் எல்லாக் கட்டுரைக்கும் இதைக் கட்டாயமாக்கியது 1973-இல்தான். அதற்கு முன் பெரும்பாலும் ஆசிரியரின் தீர்ப்புதான். ஏற்பாட்டில் ஒரு ஓட்டை. கட்டுரையாளருக்கு ரெஃபரி யார் என்று தெரியாது, ஆனால் ரெஃபரிக்குக் கட்டுரையாளரின் பெயர், ஊர், கல்லூரி எல்லாம் தெரியும். கட்டுரையின் தலையிலேயே விலாசம் இருக்கும்.

விலாசம் தீர்ப்பை மாற்றுமா? மாற்றும் என்பதற்கு இப்போது கணக்கு இருக்கிறது. அமெரிக்க இருதயச் சங்கத்தின் வருடாந்திர மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் ஆய்வுச் சுருக்கங்கள் வரும். 2001 வரை பெயரும் ஊரும் தெரியும்படி மதிப்பிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 41 தேறின, வெளிநாடுகளிலிருந்து வந்தவற்றில் 23. 2002 முதல் பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டார்கள். அமெரிக்கா 33-க்கு இறங்கியது, வெளிநாடு 24 ஆயிற்று. மறைத்தாலும் இடைவெளி முழுக்க மூடவில்லை என்பதையும் கவனியுங்கள். மொத்தமும் பாரபட்சம் என்று சொல்ல முடியாது. வசதியும் கருவியும் உள்ள இடத்தில் வேலை நன்றாக நடக்கத்தான் செய்யும். ஆனால் விலாசத்தை மறைத்த மாத்திரத்தில் எட்டு இறங்கியதே, அந்த எட்டு விலாசத்துக்கு விழுந்த மார்க்கு.

2022-இல் இன்னொரு சோதனை வெளியாயிற்று. ஒரே பொருளாதாரக் கட்டுரை. நோபல் பரிசு வாங்கிய வெர்னன் ஸ்மித்தும், அவ்வளவாக வெளியே தெரியாத ஒரு இளம் ஆய்வாளரும் சேர்ந்து எழுதியது. ரெஃபரிகள் சிலரிடம் ஸ்மித் பெயரை மட்டும் காட்டிக் கொடுத்தார்கள், சிலரிடம் இளையவர் பெயரை மட்டும், சிலரிடம் பெயரே இல்லாமல். ஸ்மித் பெயரைப் பார்த்தவர்களில் வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு 23. பெயரில்லாதபோது 48. இளையவர் பெயரைப் பார்த்தபோது 65. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை.

மொழி சங்கதி தனி. 2023-இல் எட்டு நாடுகளைச் சேர்ந்த சுமார் 900 விஞ்ஞானிகளைக் கேட்டு ஒரு ஆய்வு வந்தது. நேபாளமும் வங்கதேசமும் அதில் உண்டு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் கட்டுரை ஆங்கிலத்தைக் காரணம் காட்டித் திரும்புவது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆங்கிலத்தைச் சரிசெய்து வா என்று சொல்லப்படுவது பன்னிரண்டு மடங்குக்கு மேல்.

இந்தப் பன்னிரண்டு மடங்கில் நானும் ஒருவன். கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினேன். உலகைப் புரட்டும் கட்டுரை அல்ல, ஒரு பழைய தேற்றத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தியது. பாளையங்கோட்டைத் தபாலாபீசில் ஏர்மெயில் ஸ்டாம்பு ஒட்டி ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து மூன்று வரிப் பதில். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கவும் என்றிருந்தது. தேற்றம் சரியா தவறா என்று ஒரு சொல் இல்லை. அதை என் சகா ஒருவரிடம் காட்டினேன். ஆங்கில இலக்கியக்காரர், மில்டனைத் தலைகீழாகச் சொல்வார். வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பாளையங்கோட்டையில வெள்ளைக்காரனுக்கு எங்க போறது? கால்டுவெல்லு இடையங்குடியிலல்லா படுத்திருக்காரு" என்றார். கட்டுரை அப்படியே, ஒரு கமா மாற்றாமல், நம் நாட்டு இதழ் ஒன்றில் வெளிவந்தது. அங்கே இருந்த ரெஃபரி ஒரு இடத்தில் நிரூபணத்தைச் சுருக்க வழி சொல்லியிருந்தார். யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

வெளிநாட்டுக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. பதவி உயர்வுக் கமிட்டியில் உட்கார்ந்த நம் ஆட்கள் முதலில் கேட்பது, "ஃபாரின் ஜர்னல்ல எத்தனை?" என்பதுதான். கட்டுரையைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்டவரை என் காலத்தில் விரல்விட்டு எண்ணலாம். இதனால் என்ன ஆயிற்று? 'இண்டர்நேஷனல் ஜர்னல்' என்று பெயர் மட்டும் வைத்துக்கொண்டு, பணம் கட்டினால் எதையும் போடுகிற கடைகள் முளைத்தன. ராமஸ்வாமி ஐயர் சந்தா பிரித்து நடத்தியது உள்ளூர் இதழ் என்று கீழே போய்விட்டது. ஏதோ ஒரு மாடி அறையில் இருந்து நடப்பது சர்வதேச இதழ் ஆகிவிட்டது. பிள்ளை இன்றைக்கு இருந்து அண்ணாமலை இதழில் வாரிங் கணக்கை வெளியிட்டிருந்தால், அந்தக் கமிட்டி அவருக்கு மார்க் போட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

வங்காளத்து சத்யேந்திரநாத் போஸ் வேறு வழி கண்டார். டாக்காவிலிருந்து லண்டன் இதழுக்கு அனுப்பிய அவர் கட்டுரை அங்கே அச்சேறவில்லை. 1924 ஜூனில் நேரே ஐன்ஸ்டைனுக்கே அனுப்பிவிட்டார். ஐன்ஸ்டைன் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து ஜெர்மன் இதழில் போட வைத்தார். டாக்கா விலாசத்தில் நகராத கட்டுரை பெர்லின் விலாசத்தில் ஓடியது. இப்படி ஒரு ஐன்ஸ்டைனோ ஹார்டியோ எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பிள்ளைக்கு வாய்த்தது தன் நாட்டு இதழ்தான். அது இல்லாவிட்டால் அந்தக் கட்டுரைகள் இவ்வளவு சீக்கிரம் அச்சாகியிருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். ராமானுஜனுக்கு முதலில் கதவு திறந்த அதே இதழ், இருபத்தைந்து வருஷம் கழித்துப் பிள்ளைக்கும் இடம் கொடுத்தது. ஆனால் அதில் வந்ததாலேயே வெளியே படிக்கிறவர் குறைந்தார்கள். நம்மவர்கள் வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தெருவுக்கு வெளியூர் வண்டி வரவில்லை.

பிள்ளை வாரிங்கோடு நின்றவரல்ல. 1940-இல் ஒரு அழகான விஷயம் எழுதினார். அடுத்தடுத்து வரும் எண்கள் பதினாறோ அதற்குக் குறைவோ எடுத்துக்கொண்டால், அவற்றில் ஒன்றாவது மற்ற எதனோடும் பொதுவாக வகுபடாமல் தனித்து நிற்கும். பதினேழு எடுத்தால் இந்த விதி உடைந்துவிடும். முதலில் உடைவது 2184 முதல் 2200 வரை. வீட்டில் பேரன் பேத்தி இருந்தால் காகிதம் கொடுத்து உட்கார வையுங்கள். இரட்டை எண்கள் இரண்டால் ஜோடி சேர்ந்துவிடும். 2187, 2193, 2199 மூன்றும் மூன்றால். 2185-உம் 2195-உம் ஐந்தால். 2191 தனியாக நிற்பதுபோல் தெரியும், ஆனால் அது 7×313, 2184-ஓ 7×312. 2197 என்பது 13×13×13, அதற்கும் 2184-இல் துணை இருக்கிறது, 13×168. 2189 என்பது 11×199, கடைசியில் 2200 என்பது 11×200. பதினேழில் ஒன்றுகூடத் தப்பவில்லை. இதைப் பார்த்தபோது எனக்குக் கல்யாண வீட்டுப் பந்தி ஞாபகம் வந்தது. யாரை எடுத்தாலும் இன்னொருவருக்கு ஏதோ ஒரு வகையில் உறவு.

1941-இல் பிள்ளை திருவனந்தபுரம் போனார். அடுத்த வருஷம் கல்கத்தா பல்கலைக்கழகம். அங்கே அழைத்தவர் எஃப். டபிள்யூ. லெவி. யூதர் என்பதால் நாஜி ஜெர்மனியில் வேலை போய், கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த பேராசிரியர். கல்கத்தாவில் இருந்தபோதுதான் 1945-இல் பிள்ளை இன்னொரு யோசனையை அச்சிட்டார். வர்க்கம், கனம் முதலிய அடுக்கு எண்களை எல்லாம் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். 1, 4, 8, 9, 16, 25, 27, 32 என்று போகும். போகப்போக இரண்டுக்கு நடுவில் உள்ள இடைவெளி பெருகிக்கொண்டே போகும் என்றார். எவ்வளவு பெரிய இடைவெளியைச் சொன்னாலும், ஒரு கட்டத்துக்கு மேல் அதைவிடச் சின்ன இடைவெளியே வராது. 8-உம் 9-உம் தவிர அடுத்தடுத்த எண்களாக இரண்டு அடுக்கு எண்கள் கிடையாது என்ற கேடலன் கணக்கு 2002-இல் மிகாய்லெஸ்கு கையில் தீர்ந்தது. பிள்ளை சொன்னது அதைவிடப் பெரியது, இன்றும் தீரவில்லை. இங்கே பெயர் நிலைத்துவிட்டது. உலகம் முழுக்க அதற்குப் 'பிள்ளை அனுமானம்' என்றுதான் பெயர். வந்தது கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில்.

1950-இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் அவரை ஒரு வருஷத்துக்கு அழைத்தது. ஐன்ஸ்டைன் அப்போது அங்கேதான் இருந்தார். போகிற வழியில் ஹார்வர்டில் ஆகஸ்ட் 30 அன்று தொடங்கும் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ள ஏற்பாடு. யுத்தத்துக்குப் பிறகு முதல் மாநாடு அது. விலாசம் ஒரு பொருட்டாக இல்லாமல், டிக்சனின் நாட்டுக்காரர்களோடு ஒரே கரும்பலகை முன்னால் நிற்க அவருக்கு முதல் தடவையாகக் கிடைத்த வாய்ப்பு என்றே நான் நினைக்கிறேன். பம்பாயிலிருந்து நியூயார்க் போகும் டி.டபிள்யூ.ஏ. விமானம் கெய்ரோவில் இறங்கி மறுபடி கிளம்பியது. சிறிது நேரத்தில் இயந்திரத்தில் தீப்பிடித்துப் பாலைவனத்தில் விழுந்தது. ஆகஸ்ட் 31. இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சண்டிகர் நகரத்துக்கு முதலில் வரைபடம் போட்ட போலந்துக்காரர் நோவிட்ஸ்கியும் அதே விமானத்தில்தான் போனார். பிள்ளைக்கு வயது 49.

அவருடைய வாரிங் கட்டுரைகளை ராமானுஜனுக்குப் பிறகு இந்தியக் கணிதத்தில் வந்த மிகச் சிறந்த காரியங்களில் ஒன்று என்று கே. சந்திரசேகரன் இரங்கல் கட்டுரையில் எழுதினார். அதுவும் வந்தது இந்தியக் கணிதக் கழக இதழில்.

வாரிங் கணக்கில் ஐந்தாம் அடுக்கை 1964-இல் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார், விடை 37. கடைசியாக மிஞ்சியது நாலாம் அடுக்கு. வாரிங் சொன்ன அதே 19. 1986-இல் சென்னையின் ஆர். பாலசுப்ரமணியன், இரண்டு பிரெஞ்சுக்காரர்களான டெசூயே, திரெஸ் ஆகியோருடன் சேர்ந்து அதை முடித்தார். கட்டுரை பாரிஸில், பிரெஞ்சு மொழியில் வந்தது. அதே பாலசுப்ரமணியன் தங்கதுரையோடு சேர்ந்து, சிதம்பரத்திலும் கல்கத்தாவிலும் பழைய இதழ்களில் சிதறிக் கிடந்த பிள்ளையின் கட்டுரைகளை எல்லாம் தேடித் தொகுத்தார். ராமானுஜன் கணிதக் கழகம் அதை 2010-இல் வெளியிட்டது. பிள்ளை போய் அறுபது வருஷம் ஆகியிருந்தது.